பூஜ்யமோ, ஒன்றோ

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, லினக்ஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்திவிட்டு நிமிர்ந்த மாத்திரத்தில், என் மேஜைமேல் கிடந்த யுஎஸ்பி சீரியல் அடாப்டர், தொட்டுப் பார்த்தால் இருக்கிறது, கம்ப்யூட்டரைக் கேட்டால் இல்லை என்கிற அத்வைத நிலையை எய்திவிட்டது. இத்தகைய அடாப்டர்கள் நாலைந்தேனும் உங்கள் இழுப்பறையிலும் கிடக்குமாதலாலும், அவற்றுள் உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் தனித்தனியே பிரித்து வைக்கும் உத்தேசம் உங்களுக்கும் பல வருஷங்களாக இருந்து வருமாதலாலும், பூர்வபீடிகை எதுவுமின்றி விஷயத்துக்கு வருகிறேன். இண்டோனேசியாவின் லப்பான் ஏ-2 செயற்கைக்கோள் வழியாக ஆலங்குளத்திலிருந்து நான் அனுப்பிய சிறு செய்திக்கு எங்கிருந்து என்ன பதில் வந்தது என்ற விருத்தாந்தத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் அடாப்டரைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுவது உசிதம்.

1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டே ஸ்வரங்களைக் கொண்டு விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் ஆகாயத்தோடு சம்பாஷிக்கும், ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடைத்தரகனாகிய என்னுடைய டிஎன்சி, 1980களின் ஆசாரத்தில் வளர்ந்தது. ஒன்பது முள் கொண்ட ஆர்எஸ்-232 வாயில் வழியாகவன்றி வேறெவ்வழியிலும் அது கம்ப்யூட்டரோடு பேசாது; மின்னழுத்தம் கூட்டலிலோ கழித்தலிலோ மூன்று வோல்ட்டைத் தாண்டினாலொழிய ஏறிட்டும் பாராது. 1960ல் வகுக்கப்பட்ட அந்த நியமத்தை, எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று வாக்களித்துக்கொண்டு 1996ல் வந்த யுஎஸ்பி, நாளடைவில் லேப்டாப்புகளிலிருந்து அடியோடு வெளியேற்றியது. வெளியேற்றப்பட்டதைப் பின்வாசல் வழியாக மீண்டும் அழைத்துவரும் கைங்கரியத்துக்காகவே அடாப்டர் என்ற பிரகிருதி அவதாரம் செய்தது.

தென்காசியில் ஒரு கடையில் நீல நிறக் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் ஒன்றும், கறுப்பில் ஒன்றும் இருந்தன. விலையில் இரு மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் என்ன பேதம் என்று வினவியபோது கடைக்காரர், “ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ரெண்டும் ஒரே சாமான்தான், டப்பாதான் வேற,” என்று தத்துவார்த்தமாகப் பதிலளித்தார். அது உண்மையும்கூட. மேலே எழுதியிருக்கும் பெயருக்கும் உள்ளே உறங்கும் சிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனி, தன் பெயரில் உலவும் போலிகளைக் கண்ட இடத்தில் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி முடமாக்கும் டிரைவர் ஒன்றை விண்டோஸ் மூலம் அனுப்பி வைத்தபோது, போலியைச் செய்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அசல் என்று நம்பிக் காசு கொடுத்தவனே தண்டனை அனுபவித்தான். லினக்ஸ்காரனாகிய நான் அப்போது அடைந்த அற்ப சந்தோஷத்துக்கு இப்போது வட்டியும் முதலுமாகச் செலுத்திவருகிறேன்.

எப்படியென்றால், லினக்ஸின் கெர்னல் அடாப்டர்களுக்கு நாமகரணம் செய்யும் முறை நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியை ஒத்தது. முந்தி வந்தவனுக்கு டிடிஒய்-யுஎஸ்பி-0 என்ற முதல் இலை; அடுத்தவனுக்கு டிடிஒய்-யுஎஸ்பி-1 என்ற இரண்டாம் இலை. வந்தவன் பெண்ணின் தாய்மாமனா, பஸ்ஸைத் தவறவிட்டு உள்ளே நுழைந்தவனா என்ற விசாரணை கிடையாது. இதில் ஒருவித சமத்துவம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரிமாறுகிறவன் கதியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘முதல் இலைக்குப் பாயசம்’ என்று டிஎன்சியை லினக்ஸோடு இணைக்கும் கிஸ்அட்டாச் என்னும் பரிசாரகனுக்கு நான் உத்தரவிட்டிருக்க, காலையில் லேப்டாப் கண் விழிக்கும்போது டிஎன்சியின் அடாப்டரை முந்திக்கொண்டு ஜிபிஎஸ்ஸின் அடாப்டர் ஓடிவந்து முதல் இலையில் உட்கார்ந்துவிடுமானால், பாயசம் முழுவதும் ஜிபிஎஸ்ஸுக்குப் போகிறது. அதுவோ, எதைப் பரிமாறினாலும் தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் விநாடி தவறாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கும் சுபாவமுடையது. டிஎன்சி, இரண்டாம் இலையில் உப்பைப் பார்த்துக்கொண்டு, கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

இதையும் பொறுக்கலாம், பந்தி நடுவே எழுந்து போகிறவன் விஷயம்தான் பொறுக்கத் தகாதது. வயர் லேசாக அசைந்து ஒரு கண நேரம் தொடர்பு அற்றுப்போகிறது. அடாப்டர் கை கழுவப் போய், உடனே திரும்பியும் வந்துவிடுகிறது. வந்து பார்த்தால், அதன் பழைய இலையைப் பரிசாரகன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இலையில் ஆள் இல்லை; ஆனால் ஆள் இருப்பதாகக் கணக்கு. ஆகவே போனவனே திரும்பி வந்தும், புதிதாக வந்தவனாகக் கருதப்பட்டு, இரண்டாம் இலைக்கு அனுப்பப்படுகிறான். பரிசாரகனோ கரண்டியும் கையுமாகக் காலி இலைக்கு முன்னால் நின்ற கோலம் மாறுவதில்லை. அவனை வெளியேற்றி, இலையை எடுத்து, எல்லாரையும் எழுப்பி முதலிலிருந்து உட்கார வைத்தாலன்றிக் கல்யாணம் நடவாது. வாசலில் மொய் நோட்டோடு அமர்ந்திருக்கும் யுடெவ் என்பவர், வருகிறவரின் சீரியல் நம்பரைக் கேட்டெழுதி, எந்த இலையில் உட்கார்ந்தாலும் இவர் இன்னார்தான் என்று நிரந்தரப் பெயர் சூட்ட வல்லவர் என்பார்கள். வாஸ்தவமே. ஆனால் மலிவு விலைச் சிஎச்340 சிப்புகளுக்குச் சீரியல் நம்பர் என்பதே கிடையாது. ஒரே முகம், ஒரே சட்டை, ஊர் பேர் கேட்டால் மௌனம். இப்படி இருவர் வந்தால் மொய் எழுதுகிறவர் என்ன செய்வார்? எந்த வாசல் வழியாக நுழைந்தான் என்பதைத்தான் குறித்துக்கொள்வார். அதாவது இடப்புறத் துளையில் ஒருமுறை செருகியதை ஆயுள் பரியந்தம் இடப்புறத்திலேயே செருக வேண்டும். பரீட்சை எழுதி, டெல்லியிலிருந்து லைசென்ஸ் வாங்கிய ஹாம்களில், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களில், நானும் ஒருவன். ஓம் விதியைக் கேட்டார்கள், அயனமண்டலத்தைக் கேட்டார்கள், பந்தி விசாரணையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாகாதா?

ஞாயிறன்று நேர்ந்ததோ இவை எதிலும் அடங்காதது. பிஆர்எல்டிடிஒய் என்று ஒரு புரோகிராம். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிகளை லினக்ஸோடு இணைத்து வைப்பது அதன் பணி. அக்கருவிகள் சிலவற்றின் உள்ளேயும் சிஎச்340 சிப்பே இருப்பதால், 2022ல் வெளியான ஒரு பதிப்பில் அது, அந்தச் சிப்போடு எது வந்தாலும் பிரெயில் கருவியே வந்தது என்று நிச்சயித்து, ஆவலோடு ஆலிங்கனம் செய்துகொண்டுவிடும். அந்தப் பதிப்புக்கு இப்போதுதான் ஏறிய நான், கெர்னலின் தினக்குறிப்பைக் காட்டும் டிமெஸ்ஜியில் படித்தேன்: அடாப்டர் வந்தது, டிடிஒய்-யுஎஸ்பி-0 என்று பெயர் பெற்றது, அடுத்த வரியிலேயே துண்டிக்கப்பட்டது. இந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? வைதால் பாவம் சேரும். வையாவிட்டால் ரத்த அழுத்தம் சேரும். அந்தப் புரோகிராமை நான் நீக்க முற்பட்டபோது, ‘நிச்சயமாகவா?’ என்ற பாவனையில் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டதே, அதில் தொனித்த தார்மிகக் கண்டனத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இவ்வளவும் கேட்பதற்கு மட்டும். பேசுவதற்கு டிரான்ஸ்மிட்டரைத் தட்டினாலோ, அதன் சக்தியில் ஒரு பங்கு யுஎஸ்பி வயரில் ஏறி, அடாப்டர் மூர்ச்சை போட்டுவிடுகிறது. வயரில் ஃபெரைட் வளையங்களைக் கோத்துக் கோத்து, அது இப்போது ருத்ராட்சம் அணிந்த நிலையில் இருக்கிறது. தரைமார்க்கமாகப் பேசலாமென்றால், சீசனில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற சாரல் காற்று, இந்த வட்டாரத்துக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு என் மொட்டை மாடி ஆண்டெனாவையும் ஆட்டிவிட்டுப் போகிறதேயொழிய, கேரளத்து ஹாம்களின் 145 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் ஒன்றையும் கூட அழைத்து வருவதில்லை. ஆகவே ஆகாயமே கதி. 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட்டோடு ஒரே பிஎஸ்எல்வியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய லப்பான் ஏ-2, நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கொரு தடவை நம் வானத்தைக் கடக்கிறது. வட தேசத்தாருக்குக் கிட்டாத இந்தப் பாக்கியத்தினால் விளைந்த கேடு யாதெனில், ஒரு தடவை தவறினால் அடுத்த தடவைக்குள் அடாப்டரைச் சரிப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இரவு பகல் எந்நேரமும் சாவதில்லை. சோறு ஆறுகிறது, வீட்டில் பேச்சு குறைகிறது, நம்பிக்கை மட்டும் சூடாகவே இருக்கிறது.

இந்த சமயம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் உள்ளே வந்து, “இதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டிவிட்டாப் போதும்லா, அண்ணாச்சி?” என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் ஒன்று தயாராக உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றதையும், தாமிரபரணிக் கரையூர்களில் செல்போன்கள் ஊமையானதையும், அத்தகைய ஆபத்தில் பேட்டரி ஒன்றும் ஆண்டெனா ஒன்றும் இருந்தால் போதும் என்பதையும் வரிசைக்கிரமமாக எடுத்துரைத்தேன். அடாப்டரைப் பற்றி மட்டும் பிரஸ்தாபிக்கவில்லை. அவர் மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, மேஜையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அதெல்லாம் சரிதான் அண்ணாச்சி. எம் பையனுக்குக் காலேஜ்ல ஏதோ ப்ராஜெக்டாம். இந்த மாதிரி ஒயர் ஒண்ணு வேணுங்கான். ரெண்டு நாளைக்குத் தாங்களேன்.”

இரவல் போன அடாப்டர் திரும்பி வந்ததாக ஆலங்குளத்துச் சரித்திரத்தில் இல்லை. ஆயினும் நீல நிறத்ததை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துத் திருகாணிகள் இரண்டும் பொருந்தா என்பதை மட்டும் சொல்லி வைத்தேன். மற்றவற்றைப் பையன் பட்டம் பெறுவதற்குள் தானே அறிந்துகொள்வான்.