டீசல்தாசர்

நீராவி எஞ்சினைப் பற்றி மட்டும் டீசல்தாசரிடம் வாய் தவறியும் பேசிவிடாதீர்கள். 'கேத்தல்' என்பார், அதோடு சரி. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற சாமானுக்குப் பின்னால் பெட்டிகளைக் கொழுவிக்கொண்டு மனிதர்கள் ஊர் போனார்கள் என்பதே அவருக்கு வெட்கக்கேடு. அவருடைய உலகம் 1955-இல், பிரிட்டிஷ் ரயில்வேயின் நவீனமயமாக்கல் திட்டத்தோடு தொடங்கியது. 1980-களில் எப்போதோ முடிந்துபோனது. இடையில் ஓடிய டீசல் எஞ்சின்களுக்குப் பின்னால் போய் வந்ததுதான் வாழ்க்கை. மற்றதெல்லாம், கல்யாணம் உட்பட, ரயில் மாறுவதற்காகக் காத்திருந்த நேரம்.

இங்கிலாந்தில் எந்த ஸ்டேசனிலும் அவரைக் காணலாம். மேடையில் கூரை முடிந்து மழை தொடங்குகிற இடத்தில் நிற்பார். மழைச்சட்டை, பிளாஸ்க், எண்களை அடிக்கோடிட்ட பழைய புத்தகம் என்று அவருடைய கோலத்தை எழுதிப் பலர் ஓய்ந்துவிட்டார்கள். எங்கள் கந்தோரிலும் ஒருவர் இருக்கிறார். எனக்கு அவரோடுள்ள வழக்கு வேறு. அவர் வாயால் எஞ்சின் ஓட்டுவார்.

முப்பத்தேழு என்றொரு வகை உண்டு. இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் வடிவமைப்பு. 1960 முதல் 1965 வரை 309 கட்டினார்கள், ஒவ்வொன்றும் 1,750 குதிரைவலு. இதை அவர் சொல்லமாட்டார், செய்து காட்டுவார். முதலில் கீழுதடு தளர்ந்து தொங்கும். 'தொக்... தொக்... தொக்...' இது ஸ்டேசனில் சும்மா நிற்கும்போது. பிறகு கண்ணை மூடி, கற்பனைக் கைப்பிடி ஒன்றை மெல்லத் திறப்பார். ஒரு கணம் சத்தமே இருக்காது. எஞ்சின் மூச்சை இழுக்கிறதாம். அந்தக் கணத்தில் நாங்கள் ஏதாவது பேசிவிட்டால் கோபித்துக்கொண்டு மறுபடியும் முதல் 'தொக்'கிலிருந்து தொடங்குவார். அதன்பின் நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்பி, தொண்டையில் ஏறி, கன்னச் சதையைக் குலுக்கிக்கொண்டு வெளியே வரும். கந்தோர்ச் சாப்பாட்டறையில் அவருக்கு எதிரே உட்காருகிறவர்கள் சூப் வாங்குவதில்லை.

நாற்பது என்றால் வேறு வித்தை. அதன் டர்போ விசிலடிக்கும். ஆகவே உதட்டைக் குவித்து மேலே விசில், தொண்டையில் கீழே முழக்கம், இரண்டும் ஒரே நேரத்தில். ஐம்பது வகை, காற்றை உறிஞ்சும் விசிறிகளின் இரைச்சலால் 'ஹூவர்' என்று பட்டப்பெயர் வாங்கியது. அதையும் தத்ரூபமாகச் செய்வார். வீட்டில் இருக்கிற உண்மையான ஹூவரை அவர் தொட்டதே இல்லை என்று அவருடைய மனைவி சொன்னார்.

டெல்டிக் வந்தால்தான் எனக்குக் கஷ்டகாலம். கடற்படையின் வேகப் படகுகளுக்காக நேப்பியர் கம்பெனி செய்த எஞ்சின் அது. முக்கோணமாக அடுக்கிய 18 சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரும் புதிருமாக இரண்டு பிஸ்டன்கள். அப்படிப்பட்ட எஞ்சின் இரண்டை ஒரு வண்டிக்குள் வைத்து 3,300 குதிரைவலு எடுத்தார்கள். இரண்டும் கூடக் குறையச் சுற்றுவதால் சத்தம் அலையலையாக ஏறி இறங்கும். அதற்கு ஒரு வாய் போதாது. இரண்டாவது எஞ்சின் நான்.

"கொஞ்சம் கீழே பிடியுங்கள். இன்னும் கீழே. ஆ, அப்படியே நில்லுங்கள்" என்பார். இலங்கையில் எங்கள் ஊரில் வித்துவான் தட்சிணாமூர்த்தியின் தவிலுக்காகக் கோயில் வீதியில் விடிய விடியக் குந்தியிருந்த கிழவர்கள்கூட, பக்கத்தில் இருந்தவனை வாசிக்கச் சொன்னதில்லை.

கொடுமை என்னவென்றால், அவர் ஓட்டுவது மின்சாரக் கார். மனைவியின் தெரிவு. பூனைபோல் போகிறது. அந்தக் குறையை அவர் வாயால் நிரப்புகிறார். சிவப்பு விளக்கில் 'தொக்... தொக்...' மஞ்சள் விழுந்ததும் மூச்சு இழுப்பு. பச்சையில் முழு உறுமல். பக்கத்துக் காரில் இருக்கிற பெண் திரும்பிப் பார்ப்பாள். அவரையல்ல, என்னை.

வாய் ஓய்ந்தால் ஒலிப்பதிவு. லிக்கி என்ற ஏற்றத்தில் ஒரு சரக்கு ரயில் ஏறுகிற சத்தம் அவருக்கு உயிர். 37.7 அடிக்கு ஓர் அடி என்று இரண்டு மைல் ஏறவேண்டும், பாரமான ரயில்களுக்குப் பின்னாலிருந்தும் எஞ்சின் கொடுத்துத் தள்ளுவார்கள். தூரத்தில் முனகல், பிறகு கிட்ட, பிறகு காதுக்குள், பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாய்க் கடகடத்துப் போவது, பிறகு பின்னெஞ்சின். நடுவில் யாரோ இருமுவது கேட்கும். "அது நான்" என்பார், பெருமையோடு.

சரக்கு ரயில் என்றதும் மனிதர் இன்னும் உருகுவார். நிலக்கரி வண்டிகள், ஒவ்வொன்றிலும் 32 தொன், அனல்மின் நிலையத்துக்குள் ஊர்ந்து போகும்போதே அடிக்கதவு தானாகத் திறந்து, நிற்காமலே கொட்டிவிட்டு, வளைந்த பாதையால் திரும்பச் சுரங்கத்துக்குப் போகும். அந்த அழகை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே இளமையைக் கழித்தவர். 2024 செப்டெம்பர் 30-ஆம் திகதி ராட்கிளிஃப் நிலையத்தை மூடியபோது, நிலக்கரி மின்சாரம் ஒழிந்தது என்று நாடே நிம்மதிப்பட்டது. இவர் அன்று கந்தோருக்குக் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டி வந்தார்.

இப்போதுள்ள சரக்கு ரயில்கள் சிலவற்றின் அட்டவணையில் 'தேவைப்பட்டால் ஓடும்' என்று இருக்கும். அப்படி ஒன்றுக்காக என்னை ஒரு மேற்பாலத்தில் நிறுத்திவைத்தார். குளிர் காதை அறுத்தது. ரயில் வரவில்லை. "தேவைப்பட்டிருக்காது" என்று சந்தோஷமாகவே சொல்லி, பிளாஸ்கைத் திறந்தார்.

அவருடைய பரம எதிரி அறுபத்தாறு. 1998-இல் கனடாவிலிருந்து வந்து இறங்கிய எஞ்சின். கூரையின் வடிவத்தைப் பார்த்து 'கொட்டில்' என்று பெயர் வைத்தார்கள். கப்பல் கப்பலாக வந்து, பழையவர்களையெல்லாம் இரும்புக்கடைக்கு அனுப்பியது. அதன்மேல் அவர் வைக்கிற குற்றச்சாட்டு ஒன்றுதான்: காலையில் கிளம்புகிறது, பாரத்தை இழுக்கிறது, போய்ச் சேர்கிறது. இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்கிறார்.

எனக்கு உண்மையிலேயே பற்றி எரிவது இங்கேதான். 1955-க்குப் பிறகு, சரியாகச் சோதித்துக்கூடப் பார்க்காமல், கண்ட கம்பெனிக்கெல்லாம் டீசலுக்கு ஓடர் கொடுத்தார்கள். கிளாஸ்கோவின் நோர்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தவை ஓடிய நேரத்தைவிடப் பட்டறையில் கிடந்த நேரம் அதிகம் என்று பெயர் எடுத்தன. கம்பெனியே 1962-இல் படுத்துவிட்டது. பெட்டிகளைச் சூடாக்க எஞ்சினுக்குள் வைத்த கொதிகலன் அடிக்கடி மக்கர் பண்ணி, பனிக்காலத்தில் பயணிகள் விறைத்துக்கொண்டு போனார்கள். ஓட்டுநர் அறையில் கதவிடுக்கால் காற்று ஊதும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இவற்றில் ஒன்றும் தாசருக்கு ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தினால் "அது ஒரு காலம்" என்கிறார், அந்தக் குளிரும் ஏதோ டிக்கட்டோடு கொடுத்த இலவசம் போல.

2015 முதல் 2018 வரை, ரயில் தட்டுப்பாட்டால் கம்ப்ரியாக் கரையோரப் பாதையில் முப்பத்தேழைத் திரும்பக் கொண்டுவந்து பயணிகள் ரயில் விட்டார்கள். நாடெங்கும் இருந்து தாசர்கள் போய் ஜன்னலில் தொங்கினார்கள். வேலைக்குப் போகிற சனம் பின்னால் நின்றது. ஒரு முப்பத்தேழு நடுவழியில் நின்றால் சனம் கடிகாரத்தைப் பார்க்கும். தாசர் குதூகலிப்பார், இழுத்துப்போக இன்னொரு முப்பத்தேழு வருமே!

பேபி டெல்டிக் என்று ஒன்று இருந்தது. பத்தே பத்துதான் செய்தார்கள், தொல்லை தாங்காமல் பத்தையும் உடைத்துவிட்டார்கள். இப்போது டார்பிஷயரில் பரோ ஹில் கொட்டகையில், ஒரு முப்பத்தேழை வெட்டி ஒட்டி அதை மறுபடி உருவாக்க ஒரு குழு பாடுபடுகிறது. நல்ல எஞ்சினை அறுத்துக் கெட்ட எஞ்சின் செய்கிறார்கள்! நான் இப்படிச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் சாப்பாட்டறையில் நான் சூப் குடித்தேன்.

1968 ஆகஸ்ட் 11-ஆம் திகதி கடைசி நீராவி ரயில் ஓடி முடிந்தபோது, அந்தக் காலத்து ரசிகர்கள் டீசலை என்னென்ன சொல்லித் திட்டினார்களோ, அதே வசவைத்தான் இவர் கொட்டிலுக்கு வைத்திருக்கிறார்: உயிரில்லாத பெட்டி. இதையும் சொல்லிப் பார்த்தேன். "அது வேறு" என்றார். இதற்குள், இருபது வயதுப் பையன்கள் மேற்பாலங்களில் நின்று கொட்டிலை ஆசையாகப் படம் பிடிக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 22 டெல்டிக்குகளில் இன்றைக்கு ஆறு மிஞ்சியிருப்பது ரயில்வேயின் கருணையால் மட்டுமல்ல. 1982 ஜனவரி 2-ஆம் திகதி கடைசிப் பயணம் முடிந்து கிங்ஸ் குரொஸ் மேடையில் கூட்டம் கலங்கி நின்றபோது, இவர் அதற்குள் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையன். அந்தக் கூட்டம் காசு சேர்த்து எஞ்சின் வாங்கியது. நாற்பது வருஷமாகச் சனி ஞாயிறுகளில் எஞ்சினுக்குக் கீழே படுத்துத் துரு சுரண்டுகிறது. திங்கட்கிழமை இவருடைய நகக்கண்ணில் கிறீஸ் இருக்கும். அன்று மட்டும் வாயால் எஞ்சின் ஓட்டுவது குறைவு.

இலங்கையன் என்றால் இங்கே தேயிலை கேட்பார்கள், கிரிக்கெட் கேட்பார்கள், யுத்தம் கேட்பார்கள். இவர் கேட்டது, "அப்படியானால் பிரஷ் பாக்னல்?" 1953-இல் சிலோனுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த எம்1 டீசல்களைச் சொல்கிறார். அவற்றுக்குள் இருந்தது மிர்லீஸ் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சினைத்தான் பிறகு இங்கிலாந்தில் முப்பத்தொன்று என்ற வகையிலும் வைத்தார்கள். அது வெடிப்பு விட்டுத் தொல்லை கொடுக்க, 1960-களில் எல்லாவற்றிலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு பூட்டினார்கள். கனடாவிலிருந்து அடுத்த வருஷம் எங்களுக்கு வந்த எம்2-களில் சில இன்றைக்கும் ஓடுகின்றன என்று சொன்னேன். கொட்டில் வந்த அதே ஒன்டாரியோ தொழிற்சாலைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த சிவப்பு விளக்கில் 'தொக்' வரவில்லை.

மறுநாள் காலை புது வேண்டுகோளோடு வந்தார். முப்பத்தொன்றின் பழைய மிர்லீஸ் சத்தம் அவர் பிறப்பதற்கு முன்னமே அடங்கத் தொடங்கியது. எம்1-இல் போன யாரையாவது பிடித்து, அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று நான் கேட்டுச் சொல்லவேண்டுமாம். ஊரில் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். "கோச்சி கோச்சி மாதிரித்தான் கத்தினது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே, ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ இலங்கையில் எம்1 எஞ்சினுக்குப் பின்னால் பயணம் செய்த வாசகர்கள் யாரும் இருந்தால், தயவுசெய்து அந்தச் சத்தத்தை வாயால் செய்து, பதிந்து, எனக்கு அனுப்பிவையுங்கள். சுருதி பிசகினாலும் பரவாயில்லை. ஞாபகமே இல்லையென்றால், ஞாபகம் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அவரிடம் காட்ட எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.