மொட்டை மாடிக்கு மேலே 36,000 கிலோமீட்டர்

கே: டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்பி ஒருமுறை முடுக்கியதோடு சரி, பல வருஷமாகத் தொடவில்லை. மேலே இருப்பதும் அப்படியே நிற்கிறதா?
— வாசகர், காரைக்குடி

ப: நிற்கிறதாவது! டிஷ் அசையாமல் இருப்பதற்காக மேலே இருப்பது ஓயாமல் அல்லாடுகிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு உழைக்கும் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு 35,786 கி.மீ. மேலே இருக்கிறது. இரு பக்கமும் 0.1 டிகிரி, அதாவது சுமார் 73 கி.மீ. உலாவலாம். அதைத் தாண்டுமுன் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம் உந்துபொறியைத் தட்டிவிடும்.

கே: அப்படி யார்தான் அதைத் தள்ளுகிறார்கள்?
— வாசகி, தேவகோட்டை

ப: முதல் ஆள் பூமியேதான். நிலநடுக்கோடு சரியான வட்டமில்லை, லேசான நீள்வட்டம். அதனால் ஈர்ப்பு கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கிறது. அந்த இழுப்பு அடங்கும் பள்ளங்கள் இரண்டு. ஒன்று அமெரிக்கப் பக்கம், 105 டிகிரி மேற்கில். மற்றது நம் பக்கம், ஏறக்குறைய 75 டிகிரி கிழக்கில், மாலத்தீவுக்குச் சற்றுக் கிழக்கே. காரைக்குடியே 78.8 டிகிரிதான்! கவனிக்காமல் விட்டால் ஜிசாட்-15 மேற்கே நழுவி, அந்தப் பள்ளத்தைக் கடந்து, மறுபடி திரும்பி வந்து ஊசலாடும். எரிபொருள் தீர்ந்த பழைய செயற்கைக்கோள்கள் பல அங்கே இதைத்தான் செய்கின்றன. 74 டிகிரியில் வைக்கப்பட்ட வானிலைக் கோள் இன்சாட்-3டிஆர் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது.

ஆனால் செட்டிநாட்டு முறையில் ஐந்தொகை போட்டால், பெரிய பற்று சூரியனுக்கும் சந்திரனுக்கும்தான். அவை இரண்டும் சேர்ந்து பாதையை ஆண்டுக்கு முக்கால் டிகிரிக்குக் குறையாமல் சாய்க்கின்றன. அதை நிமிர்த்த ஆண்டுக்கு நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகமாற்றம் வேண்டும். கிழக்கு–மேற்கு நழுவலுக்கோ 2 மீட்டரே அதிகம்.

கே: வெயில் தள்ளுமா?
— வாசகர், கானாடுகாத்தான்

ப: தள்ளும். ஒரு சதுர மீட்டரில் அரை மில்லிகிராம் எடைகூடத் தேறாது. ஆனாலும் தள்ளும், ராத்திரி பகல் பார்க்காமல்.

1992-இல் ஏவிய இன்சாட்-2ஏ நல்ல உதாரணம். அதன் வானிலைக் கருவி குளிர்ந்திருக்க ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். எனவே சூரியத் தகடுகள் மறுபக்கம் மட்டுமே. ஒரே பக்கம் வெயில் தள்ளினால் கோள் முகம் திரும்பிவிடும் அல்லவா? சமன் செய்ய, எதிர்ப்பக்கம் நீண்ட கம்பத்தின் நுனியில் பாய் ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். காற்றே இல்லாத இடத்துக்குப் பாய்! பர்மாவுக்குக் கப்பலேறிய முன்னோர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

கே: காற்று எங்குமே தொந்தரவு செய்யாதா?
— வாசகி, புதுவயல்

ப: தாழப் பறப்பவற்றை விடுவதில்லை. 1980 ஜூலையில் போன ரோகிணி அடுத்த மே மாதமே விழுந்தது. உயரத்தில் சுற்றிய ஆர்யபட்டா 1975 முதல் 1992 வரை தாக்குப்பிடித்தது. 630 கி.மீ. உயரத்தில் சுற்றிய கார்டோசாட்-2 தானாக விழ இன்னும் 30 வருஷமாவது ஆகியிருக்கும். இஸ்ரோ காத்திருக்கவில்லை. மிச்ச எரிபொருளை எரித்துத் தாழ இறக்கியது. மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொள்ள, 2024 பிப்ரவரி 14 அன்று அது இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சிதறியது.