முள்ளு முறுக்கு அச்சும் கராஜ் லேத்தும்: பர்மிங்ஹாமிலிருந்து பாளையங்கோட்டைக்கு

முறுக்கு உழக்கின் நட்சத்திரக் கண் அச்சு தொலைந்துபோவது பாளையங்கோட்டையில் செய்தியே இல்லை. பாத்திரக்கடையில் உழக்கே அச்சுகளோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பர்மிங்ஹாமில் தொலைந்தால், கராஜில் லேத் போட்டு அச்சைத் தானே கடைந்துகொள்ளலாமே என்ற யோசனை பிறக்கிறது. வெளிநாட்டு நெல்லைக்காரருக்கு வரும் கோளாறுகளில் இது சற்றே செலவு கூடியது.

மேசைமேல் வைக்கும் சின்ன சீன லேத் புதிதாகச் சுமார் 1,000 பவுண்டுக்குள் அமையும். பழைய மெஷினில் மனசு போகிறவருக்கு, நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டனில் செய்த மைஃபோர்டு எம்.எல்.7 உண்டு, 1946-இல் வந்த மாடல், இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மெஷின் விலை பாதிக் கணக்குதான். நாலு தாடை சக், டூல் பிட், டிரில் சக், டயல் கேஜ், வெர்னியர், டூல் தீட்ட ஒரு கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு லேத்தின் காசு போய்விடும். இந்தக் கிரைண்டரில் மாவு ஆட்ட முடியாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அடுத்தது உலோகம். கடைசலுக்கென்று விற்கும் பித்தளைக் கம்பி சுகமாக வெட்டும்; அந்தச் சுகத்துக்குக் காரணம் அதில் சுமார் 3 சதவீதம் கலந்திருக்கும் ஈயம். பலகாரத்துக்கு அது ஆகாது. மிச்சம் 304 எவர்சில்வர். டூல் அதை வெட்டாமல் தேய்த்தால் தேய்த்த இடம் இறுகிப்போகும். அடுத்த வெட்டில் டூல் முனை மழுங்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு நிமிடத்துக்கு 18 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்தால், 55 மி.மீ. விட்டத்துக்குச் சக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்றுதான் சுற்ற வேண்டும். அந்த மெதுவில் சின்ன மோட்டாருக்கு வலு போதாது. ஆழமாக வெட்டினால் திணறும், லேசாக வெட்டினால் தேய்க்கும்.

பேரம் பேசிக் குறைக்க முடியாதது கைப்பழக்கம். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தில் மில் ஓடிய ஊர்க்காரருக்கு மெஷினைக் கண்டு பயமில்லைதான். ஆனால் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு இரண்டு வருஷம், சும்மா வைத்திருக்கவில்லை. டூல் முனையைச் சென்டர் உயரத்துக்கு நிறுத்துவது, மெல்லிய வட்டை நெளியாமல் பிடிப்பது, நூறில் ஒரு மி.மீ.யைப் படிப்பது, தொங்கும் சங்கிலியையும் தொளதொளச் சட்டைக்கையையும் சக்கிடம் அண்டவிடாதது, சக் சாவியைக் கழற்றிய பிறகே சுவிட்சைத் தொடுவது: இத்தனையும் கைக்கு வர வேண்டும்.

இவ்வளவும் வந்தபின் ஒரு சங்கடம் பாக்கியிருக்கிறது. லேத் வட்டம் கடையும், நட்சத்திரம் கடையாது. நடுவில் துளை போட்டு, முள் முள்ளாகச் சின்ன அரத்தால் ராவித்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வைஸும் பொறுமையும் போதும்.

கடைசலையே பொழுதுபோக்காகக் கொண்டு, வருஷக்கணக்கில் இரும்புத்துகளோடு வாழத் துணிந்தவர் தாராளமாக வாங்கலாம். ஒரே ஒரு அச்சுக்கு என்றால் பாளையங்கோட்டைதான் மலிவு. உழக்கின் உள்விட்டம் 55 மி.மீ.; அச்சு அரை மி.மீ. குறைவாக, 2 மி.மீ. தடிமனில், எவர்சில்வரில் இருக்கட்டும். அடுத்து விமானம் ஏறும் சொந்தக்காரரின் பெட்டியில், கருப்பட்டிக்கும் கூழ்வத்தலுக்கும் நடுவில் இடமிருக்கும்.