ஜாடிக்குள் போன லோகோ

ஜாவா நிரலைக் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்துக்கு ஜார் என்று பெயர். 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்தது. ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தாலும் உண்மையில் அது ஒரு ஜிப் கோப்புதான். கிளாஸ் கோப்புகளோடு படம், எழுத்துரு, அமைப்புக் கோப்பு என்று நிரலுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களும் அதற்குள்ளேயே போய்விடும். போனதை எடுப்பதில்தான் கூத்து.

சரவணம்பட்டியில் உட்கார்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பில் மென்பொருள் எழுதுகிறவர், லோகோவை ரிசோர்சஸ் ஃபோல்டரில் போட்டு, அந்தப் பாதையை ஃபைல் வகுப்பிடம் கொடுப்பார். அவர் கணினியில் லோகோ பளிச்சென்று வரும். ஜார் ஆக்கித் திருப்பூரில் ஓட்டினால், கோப்பைக் காணோம் என்று நிரல் படுத்துவிடும். "என்ற சிஸ்டத்துல நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்பது இந்த இடத்தில் தவறாமல் வரும் வசனம். பொய்யும் அல்ல. வன்தட்டில் தனியாகக் கிடக்கும் கோப்பு மட்டுமே ஃபைல் வகுப்பின் கண்ணுக்குத் தெரியும். ஜார் முழுவதும் அதற்கு ஒரே கோப்பு. அட்டைப்பெட்டியில் கட்டித் தூத்துக்குடிக்கு லாரி ஏற்றிய பனியனைக் கட்டிங் டேபிளில் தேடினால் கிடைக்குமா?

பெட்டிக்குள் இருப்பதைக் கிளாஸ்லோடரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் மெத்தடின் பெயர் கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம்; நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கிளாஸ் வழியாகக் கேட்டால், பாதையின் முன்னால் சாய்கோடு இருந்தால் ஜாரின் வாசலிலிருந்து தேடும், இல்லாவிட்டால் அந்த கிளாஸ் குடியிருக்கும் பேக்கேஜுக்குள் தேடும். கிளாஸ்லோடரிடமே நேராகக் கேட்டால் சாய்கோடு போடவே கூடாது. ஒற்றைக் கோட்டுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனவர்கள் உண்டு. கொங்கு நாட்டில் இல்லாததைக்கூட "இல்லீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். இந்த மெத்தடோ வாய் திறக்காமல் ‘நல்’ என்ற வெறுமையைக் கையில் வைத்துவிடும், நிரல் நாலு வரி தள்ளிப் போய் விழும்.

விண்டோஸ் ஃபோல்டரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஜார் பார்க்கும்.

கெட்ரிசோர்ஸ் என்ற இன்னொரு மெத்தட் தரும் முகவரியை மறுபடி ஃபைலாக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜாருக்குள் இருக்கும் பொருளின் முகவரிக்கு நடுவில் ஒரு ஆச்சரியக்குறி நிற்கும். அதைப் பார்த்தாவது நிறுத்தியிருக்கலாம்.

தமிழில் பில் அடிப்பவர்களுக்குத் தனிச் சோதனை. ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை ஸ்ட்ரீம் வழியாக ஏற்றினால் ஜாவா அதை லத்தீன்-1 என்றே படிக்கும். "ரசீது" பூச்சி ஊர்ந்த மாதிரி அச்சாகும். யுடிஎஃப்-8 என்று சொல்லி ஒரு ரீடர் வழியாக ஏற்றினால் எழுத்து தப்பிக்கும். ரிசோர்ஸ்பண்டில் மட்டும் 2017-இல் வந்த ஜாவா 9 முதல் தானாகவே யுடிஎஃப்-8 படிக்கிறது.

ஜாருக்குள்ளிருந்து படிக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் ஜாருக்குள் எழுத நினைப்பது வேண்டாத வேலை. ஜிஎஸ்டி விகிதம் போல மாறுகிற சங்கதி என்றால், முதல் தடவை ஓடும்போதே உள்ளிருக்கும் அமைப்புக் கோப்பைப் பயனரின் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து, பிறகு அங்கேயே படித்து அங்கேயே எழுதுவார்கள். அந்த நகலைத் திறக்க, பழைய ஃபைல் வகுப்பே போதும்.