பல்லைப் பிடிச்சுப் பாராத மருமவன்

ஏல மருமவனே, வா, திண்ணையில உக்காரு. பழைய புல்லட்டு வாங்கிட்டியாம்லா! டேங்குல தங்கக் கோடு, பளபளன்னு சைலன்சர், மாமன் கண்ணே கூசுதுல. ஓடும்போது ரெண்டாவது கியர் மட்டும் கழண்டு விழுதாமே? உங்கப்பன் சந்தைக்குப் போனா, மாட்டு வாயைப் பொளந்து நாலு பல்லா ஆறு பல்லான்னு பாக்காம துண்டுக்குள்ள விரலைக் குடுக்க மாட்டான். நீ கொம்புக்குப் பூசுன பெயின்டைப் பாத்துட்டு ஓட்டியாந்திருக்க.

1955-ல மெட்ராஸ்ல புல்லட்டு பூட்ட ஆரம்பிச்ச காலத்துக் கியர்பொட்டி அது. ஆல்பியன்னு இங்கிலீஷ்காரன் கம்பெனி பேரு. நாலே கியர், அதுவும் வலதுகால்ல. மேல ஒண்ணு, கீழ மூணு. நீ இடதுகாலால பிரேக்கைத்தான மிதிச்சுப் பாத்த? கோவப்படாத, சும்மா கேட்டேன்.

எடுத்த எடுப்புல பிரிச்சுப் போடாத. கியர் மாத்துற பக்கம் ஒரு தகடு ரெண்டு நட்டுல நிக்கும். அது நகந்துட்டாலும் கியர் பாதியில தொங்கும். அதைச் சரி பண்ணிப் பாரு. மெக்கானிக்குக்குப் பத்து நிமிச வேலை, அதனாலயே உங்கிட்ட சொல்ல மாட்டான்.

அதுலயும் தீரலன்னா மூடியைத் தெற. வலப்பக்க மூடி ரெண்டையும் எடுத்தா, பொட்டி வண்டியில இருக்கவே கியரை வெளிய எடுத்துரலாம். கழத்துன வரிசையிலயே சாக்குல பரப்பு. செல்போன்ல உன் மூஞ்சியவே புடிக்காம இதையும் ரெண்டு படம் புடி.

பல்லுன்னதும் சுத்துப்பல்லையே முறைக்காத, அது லேசுல தேயாது. கியரோட பக்கவாட்டுல கொம்பு கொம்பா நிக்கும், 'டாக்'கும்பாங்க. அதுதான் அடுத்த கியரைக் கவ்வுறது. விளிம்புல நகத்தை வச்சு இழு. பிராண்டுனா நல்லது. புளியங்கொட்டையாட்டம் வழுக்குனா, ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் அது வெளியதான் வரும். வெல்டு வச்சு ராவித் தாரேன்னு ஒருத்தன் வருவான், காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிரு. கியருக்கு மேத்தோலு மட்டுந்தான் கெட்டி, உள்ள சாது இரும்பு. மாத்துனா ஜோடியா மாத்து. கியரைத் தள்ளுற கவைக்கம்பு வளைஞ்சிருக்கான்னும் பாரு. அது கோணலா இருந்தா புதுக் கொம்பும் பாதிதான் கவ்வும்.

பொறவு வெண்கல புஷ்ஷு. கிளட்ச்சுப் பக்கம் சாப்டைப் புடிச்சு ஆட்டு. கிழவன் பல்லு மாதிரி ஆடுனா புஷ்ஷு போச்சு. அதை மாத்தணும்னா இடப்பக்கம் கிளட்ச்சு, செயின் எல்லாத்தையும் கழத்தணும், ஒருநாள் சோறு தண்ணி மறந்துரும். அந்தப் பொட்டிக்கு இளக்கமான கிரீஸ்தான் அந்தக்காலத்துப் பழக்கம். தண்ணியாட்டம் ஆயிலை ஊத்திட்டு, தரையெல்லாம் ஒழுகுதேன்னு சீலைத் திட்டாத.

கிக்கரும் வழுக்குமே? உள்ள இருக்குற கொக்கி முனை ஒடைஞ்சிருக்கும், மூணாவது மிதியில முழங்காலு தப்பாது.

என்னல முழிக்க? எல்லாம் பாத்த மாதிரி சொல்லுதேனேன்னா? டேங்குக்கு அடியில, இடப்பக்கம், ஒரு நசுங்கல் இருக்கா பாரு. பனைமரத்துல முட்டுனது. ஆறு வருசத்துக்கு முன்னால அந்த வண்டியை புரோக்கர்கிட்ட வித்ததே நாந்தாம்ல. ரெண்டாவது கியர் அப்பவே விழும்.