மல்லிகையின் வைராக்கியம்

ஆண்டிபட்டி வட்டாரத்தில் விடியுமுன் பறிக்கப்படும் மல்லிகை, மூட்டை மூட்டையாகப் புறப்பட்டு, மதுரை மல்லி என்னும் கீர்த்தியோடு தேசமெங்கும் சஞ்சரிக்கின்ற ஒரு ஜில்லாவில், வாசலிலேயே ஆளுயரக் குண்டுமல்லிச் செடி ஒன்றை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் பூக்காரம்மாளிடம் முழம் போட்டுப் பூ வாங்குகிற குடும்பம் அல்லிநகரத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பூக்காரம்மாள் பண்புள்ளவர், செடியைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் அளந்து முடித்த பிறகு அரைச் சாண் கூடுதலாக விட்டு நறுக்குவார். அந்த அரைச் சாண் அனுதாபத்தைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை.

செடி பூக்கவில்லை என்ற செய்தி தெருவில் பிரஸ்தாபமான மாத்திரத்தில், அதுகாறும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்களும் வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஓவர்சியர் மீன் கழுவிய நீரை ஊற்றச் சொன்னார். மளிகைக் கடைக்காரர் கடலைப் புண்ணாக்கை ஊறவைக்கச் சொன்னார், புண்ணாக்கு அவர் கடையிலேயே கிடைத்தது. பால்காரர் சாணி கொண்டுவந்து கொட்டினார். பெரியம்மா புளித்த மோரோடு வீரப்ப அய்யனாருக்கு ஒரு நேர்த்திக்கடனையும் சேர்த்துப் பரிந்துரைத்தார். அத்தனையும் சிரத்தையோடு சமர்ப்பிக்கப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவற்றில் பிரதானமாக இருப்பது தழைச்சத்து என்பதும், தழைச்சத்து மிஞ்சிய செடி தழைப்பதிலேயே லயித்துப் பூப்பதை மறந்துவிடும் என்பதும் வேளாண்மை படித்த சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிகள். எங்கள் தெருவில்தான் யாரும் வேளாண்மை படிக்கவில்லை. ஆக, ஜமீன்தார் வீட்டு ஏகபுத்திரன் வேளைக்கு வேளை உண்டு கொழுத்து, உத்தியோகம் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போல, எங்கள் மல்லிகையும் கரும்பச்சை இலைகளோடு திண்ணையை மறைத்து நின்றது.

மல்லிகையாவது மௌனமாக நின்றது. அதற்கு முன்பு செம்பருத்தியினால் பட்ட பாடு தனிப் புராணம். மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2008-இல் கோயமுத்தூரில் முதன்முதலாகத் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதையெல்லாம் கபளீகரம் செய்துகொண்டு ஜில்லா ஜில்லாவாகத் திக்விஜயம் கிளம்பியபோது, என் செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பூச்சியின் மேனியில் மெழுகுப் பூச்சு உண்டு. தெளிக்கிற மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். அது கழிக்கிற தித்திப்பு நீரைப் பருகுவதற்காக எறும்புகள் வேறு காவல் நின்று, எதிரிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டன. நான் வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலக்கி விடாமல் தெளித்துவந்ததைக் கண்ட என் மனைவி, “நித்தம் எண்ணெய் தேச்சு, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுறீக, அது இந்த வீட்டை விட்டு எதுக்குப் போகணும்?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

அப்புறம் 2010-இல், கடல் கடந்து புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைச் சர்க்கார் தருவித்தது. ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத அந்த ஜீவன் மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். பொரிந்த புழு உள்ளிருந்தபடியே அதைத் தின்று தீர்த்துவிட்டு வெளியேறும். அடுத்து வந்த மாதங்களில் என் செம்பருத்தி தெளிந்தது. உபகாரம் செய்த குளவியை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. உள்ளே ஏதுமின்றி உலர்ந்து கிடந்த மாவுப்பூச்சித் தோல்கள்தான் சாட்சி. மனைவிக்கு இன்றளவும் என் வேப்பெண்ணெயைவிட அந்தக் குளவியின் மீதே மதிப்பு அதிகம்.

ஐப்பசி மழையில் சுவரேறி வருகிற ஆப்பிரிக்க நத்தைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1847-இல் பென்சன் என்ற கும்பினி உத்தியோகஸ்தர், நத்தை ஓடுகளில் அவருக்கிருந்த மோகத்தினால், மொரீஷியஸிலிருந்து இரண்டே இரண்டை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நத்தை எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் காலம் கைகொடுத்தால் என் துளசிமாடம் வரை வந்துசேரும் என்பதை அந்தக் கனவான் யோசித்திருக்கலாம்.

இந்த நிலையில், ஒரு கார்த்திகை மாதம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து என் மைத்துனன் வந்து இறங்கினான். திராட்சைத் தோட்டக்காரன். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதைத் தனக்கே கொடுத்துவிட்டதாகப் பாவித்து நடமாடுகிறவன். மல்லிகையைச் சுற்றி வந்தான்.

“அத்தான், இதுக்குக் கவாத்து எப்பச் செஞ்சீக?”

“கவாத்தா? இலை உதிர்ந்தாலே எனக்கு மனசு பதறும்.”

“அதான் சங்கதி. வெட்டுப்படாத கொடி எங்க அத்தான் காய்க்கும்? பழைய கிளையில நின்னுக்கிட்டு எலையத்தான் காட்டும். புதுத் துளிர்லதான் மொட்டு.”

மறுநாள் காலை நான் காபி குடித்து முடிப்பதற்குள், தரையிலிருந்து ஒரு முழம் மட்டும் விட்டு மிச்சத்தையெல்லாம் கத்தரித்துத் தெருவில் போட்டுவிட்டான். சில நாளைக்குத் தண்ணீரும் கூடாதென்று உத்தரவு. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் என்னை விசாரித்தார்.

பங்குனியில் செடி முழுதும் மொட்டு. கூடவே, மொட்டுக்குள் துளைத்துப் புகுந்து, பக்கத்து மொட்டுகளையும் நூலால் பின்னிக்கொள்கிற பச்சை நிற மொட்டுப்புழுவும் வந்து சேர்ந்தது. புழு தீண்டியவை ஊதா நிறமாகிக் கருகின, தப்பியவை மலர்ந்தன. அன்று மாலையே ஓவர்சியர் திண்ணைக்கு வந்து, மீன் நீர் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்று தாம் முதலிலேயே சொன்னதாக ஞாபகப்படுத்தினார். மளிகைக் கடைக்காரர் புண்ணாக்கின் மகிமையை வாடிக்கையாளர்களிடம் விஸ்தரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா நேர்த்திக்கடனைச் செலுத்த நாள் குறித்தார். கம்பத்திலிருந்து மைத்துனன் போனில் ஒரு மணி நேரம் பேசினான். புழுவுக்கு மட்டும் யாரும் பாத்தியதை கொண்டாட வரவில்லை; அது என் பங்காகவே விடப்பட்டது.