20 டிகிரிக்கு எங்கே போவது?

போன வாரம் பஃபலோ ரோட்டு வீவக வீடு ஒன்றில், நம்மவர் சொந்தமாகத் தயாரித்த கோதுமை பீருக்கு ஒரு நண்பர் மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.016 காட்டியதுதான் தாமதம். "ஈஸ்ட் செத்துப்போச்சுண்ணே, இன்னொரு பாக்கெட் கொட்டுங்க!" நம்மவருக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கோதுமை பீர் 1.044-இலிருந்து 1.053-க்குள் எங்காவது தொடங்கி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்த்தபின் 1.014-க்குக் கீழே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஆளாளுக்கு வைத்தியம். எண் தப்பாக வர மூன்று காரணம் உண்டு என்று நம்மவர் ஆரம்பிப்பார்.

முதலாவது, வெப்பம். கருவியின் தண்டில் பொடி எழுத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது, அந்தச் சூட்டில்தான் எண் சரியாக வரும். சிங்கப்பூரில் அதற்கு எங்கே போவது? ஏர்கானை 25-க்குக் கீழே இறக்காதீர்கள் என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். நம்மவர் அரசாங்கத்துக்கு அடங்கியவர், மின்கட்டணத்துக்கு அதைவிட. சினிமாக் கொட்டகை குளிரும்தான், ஜாடியோடு உள்ளே விடுவார்களா? எம்ஆர்டி ரயிலும் குளுகுளு. ஆனால் உள்ளே ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே 500 வெள்ளி வரை அபராதம். "குடிக்கவில்லை சார், அளக்கிறேன்" என்று எந்த அதிகாரியிடம் விளக்குவது? வானிலைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே ஆறுதல், 1989 பிப்ரவரி 14, பாய லேபாரில் 19 டிகிரி. அன்று விடியற்காலை ஜன்னலோரம் ஒரு ஹைட்ரோமீட்டர் இருந்திருந்தால் உண்மை பேசியிருக்கும். ஆனால் வீட்டில் பீர் தயாரிக்க இங்கே அனுமதி வந்ததே 2004-இல்!

நம்மவர் வீட்டு 30 டிகிரியில் திரவம் லேசாகிறது, கருவி கூடுதலாக அமுங்குகிறது, எண் ஏறக்குறைய 0.003 குறைகிறது. அந்தச் சூட்டில் சுத்தத் தண்ணீரே 1.000 காட்டாது, 0.997 தான். ஆக 1.016 என்பது உண்மையில் 1.019. கணக்கு நண்பரின் கட்சிக்குப் போய்விட்டதால் நம்மவர் அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாவது, குமிழி. பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு முத்து முத்தாகக் கருவியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும், எண் ஏறும். கோதுமையின் புரதத்தால் நுரை வேறு தண்டைக் கட்டிக்கொண்டு கோட்டை மறைக்கும். நண்பர் படியிறங்கியதும் நம்மவர் பீரை இரண்டு ஜாடிகளுக்கிடையே மாற்றி மாற்றி ஆற்றினார். கருவியை விரலால் ஒரு சுழற்று சுழற்றினார். நுரை அடங்கியபின் குனிந்து பார்த்தால் 1.010. சூட்டுக்கு மூன்றைக் கூட்டினால் 1.013. செத்ததாகச் சொல்லப்பட்ட ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டு வாளியின் அடியில் படிந்து கிடந்தது.

மூன்றாவது காரணத்தைக் கேட்க யாரும் இதுவரை உட்கார்ந்ததில்லை.

சட்டப்படி ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், விற்கக் கூடாது. பஃபலோ ரோடு இருக்கும் லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கவும் தடை. ஆகவே நண்பர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், வரட்டும். வரும்போது ஆளுக்கொரு தெர்மாமீட்டர் எடுத்து வரட்டும், ஈஸ்ட் பாக்கெட் வேண்டாம்.